மகளுக்குக் கம்ப்யூட்டர்: ‘ஐ7’ என்றதும் தலையாட்ட வேண்டாம்

கேள்வி: மகள் எட்டாம் வகுப்பு, மகன் நாலாம் வகுப்பு படிக்கிறார்கள். நான் வீட்டிலேயே மூன்று தையல் மெஷின் போட்டு, திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்துக் கொடுக்கிறேன். மகளுக்கு வரைவதில் ரொம்ப ஆர்வம். என் செல்போனில் விரலாலேயே வரைகிறாள். பள்ளியில் ஸ்கிராட்ச் (குழந்தைகளுக்கான புரோகிராமிங்) சொல்லித் தருகிறார்கள். கம்ப்யூட்டர் வாங்க 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு கடையில் ‘ஐ7, 16 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், எல்லாம் புதுசு, 20 இஞ்ச் மானிட்டரோடு 21,000’ என்கிறார்கள். இன்னொரு கடையில் கிராபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் கம்ப்யூட்டர் 62,000. மீதிக்குத் தவணை போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். லேப்டாப்தான் நல்லது என்கிறார் கணவர். வீட்டில் இன்வெர்ட்டரும் வைஃபையும் இருக்கின்றன. ஒரு வருடம் பொறுத்தால் விலை இறங்குமா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அந்த இரண்டு கொட்டேஷனையும் ஓரமாக வைத்துவிடுங்கள். உங்கள் 40,000 ரூபாய்க்குள்ளேயே, தவணை எதுவும் இல்லாமல், பாப்பா வரைவதற்கு ஒரு பேனா டேப்லெட்டையும் சேர்த்து நல்ல டெஸ்க்டாப் வாங்க முடியும். நான் இந்தத் தொழிலில் இருப்பதால் கடைக்காரர் பேச்சின் உள்ளர்த்தம் கொஞ்சம் தெரியும். முதலில் அந்த 21,000 ரூபாய் ‘ஐ7’ கதையைப் பார்ப்போம்.

அந்த விலைக்குப் புது ஐ7 கிடைக்கவே கிடைக்காது. இதில் பெரும்பாலும் நடப்பது இதுதான். எச்61 என்றொரு சிப்செட் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) 2011இல் வந்தது. அதைப் போட்ட மதர்போர்டை, அதாவது பாகங்கள் எல்லாம் பொருந்தும் தாய்ப்பலகையை, இப்போதும் புதிதாகத் தயாரித்து விற்கிறார்கள். பழைய ஆபீஸ் மெஷின்களில் கழற்றிய ஐ7-2600 அல்லது ஐ7-3770 பிராசசரை அதில் பொருத்தி, டிடிஆர்3 என்ற பழைய வகை ராமைச் செருகி, பளபளவென்று ஒரு கேபினெட்டில் அடைத்துவிடுவார்கள். போர்டு புதுசு, கேபினெட் புதுசு, அட்டைப்பெட்டிகூடப் புதுசு. மூளையான பிராசசர் மட்டும் 2011, 2012ஆம் ஆண்டுச் சரக்கு. ஐ7 என்பது ஒரு பதவிப் பெயர் மாதிரி. ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆன பிறகும் பெயர்ப்பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கும். 2018இல் வந்த ஐ5-8500, 2012இன் ஐ7-3770ஐவிட வேகமானது. 2022இல் வந்த ஐ3-12100 அந்த 3770ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம். ‘ஐ3தானே’ என்று நாம் அலட்சியமாகப் பார்க்கும் பிராசசர் அது.

அதனால் கடையில் கேட்க வேண்டியது ‘ஐ எத்தனை?’ அல்ல, அதற்குப் பின்னால் வரும் எண். எண் நான்கு இலக்கமாக இருந்தால் முதல் இலக்கம்தான் தலைமுறை: 3770 மூன்றாம் தலைமுறை, 8500 எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டைப் பாருங்கள்: 10400 பத்து, 12100 பன்னிரண்டு. மெஷினை ஆன் செய்யச் சொல்லி, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போனால் பிராசசரின் முழுப்பெயர் வலது மேல் மூலையில் இருக்கும். ‘ஐ7தாங்க, கண்ணை மூடிட்டு வாங்கலாம்’ என்பவரிடம் அந்தத் திரையைக் காட்டச் சொல்லுங்கள், போதும்.

வேகத்தைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் வேண்டும். மூன்றாம் தலைமுறை மெஷினிலும் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருகிறார்கள். உங்களிடம் ‘விண்டோஸ் 11 இருக்கு’ என்று காட்டினால் அதுவும் இப்படி ஏற்றியதாகத்தான் இருக்கும். ஆனால் அதன் பெரிய அப்டேட்கள் ஒழுங்காக வரும் என்று நம்ப முடியாது. பாப்பா பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரையாவது ஓட வேண்டிய மெஷினை இப்படி ஒட்டுப்போட்டு ஆரம்பிக்க வேண்டாம்.

கேமிங் கம்ப்யூட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கிராட்ச், வரைதல், வேர்டு, எக்செல், யூடியூப் பாடம் எதற்கும் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பவர்களுக்கு இப்போது பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான். இரண்டும் எந்தச் சாதாரண மெஷினிலும் ஓடும். மைன்கிராஃப்ட்கூட பிராசசரோடு வரும் கிராபிக்ஸிலேயே சமாளிக்கும். பின்னாளில் பாப்பா பிளெண்டர் என்ற மென்பொருள் பக்கம் போய் 3டி அனிமேஷன் செய்ய ஆரம்பித்தால் அப்போது கார்டு பயன்படும். அதை அன்றைக்கு வாங்கிச் செருகிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பிராசசர் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. 12100எஃப் போட்ட மெஷினில் கார்டு பழுதானால் மானிட்டரில் ஒன்றுமே தெரியாது.

லேப்டாப் என்று சொல்லும் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கரண்ட் போனாலும் ஓடும், ஊருக்குத் தூக்கிப் போகலாம், கேமரா, மைக், வைஃபை எல்லாம் உள்ளேயே இருக்கும். கல்லூரிக்குப் போகும் பிள்ளை என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் வளரும் குழந்தை லேப்டாப்பில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் கழுத்து குனிந்தே இருக்கும். திரை கண்ணுக்கு நேராக வந்தால் கீபோர்டு எட்டாது, கீபோர்டு வசதியாக இருந்தால் திரை கீழே போய்விடும். இரண்டு குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒருமுறை கை தவறி விழுந்தால் டிஸ்ப்ளே செலவு பல ஆயிரம். டெஸ்க்டாப்பில் கீபோர்டில் தண்ணீர் கொட்டினால் கீபோர்டு மட்டும்தான் போகும். தவிர, அது ஒரே இடத்தில் இருக்கும். போர்வைக்குள் போகாது.

சரி, வாங்க வேண்டியது எது?

என் யோசனை: பெரிய நிறுவனங்கள் மூன்று, நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் ஆபீஸ் மெஷின். டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவா திங்க்சென்டர் என்ற பெயர்களில் வருபவை. பழசு என்று முகம் சுளிக்க வேண்டாம். அலுவலகத்தில் நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்த மெஷின்கள் இவை. இவற்றின் பவர் சப்ளை, மலிவு கேபினெட்டோடு இலவசமாக வரும் ‘450 வாட்’ டப்பாவைவிடப் பல மடங்கு நம்பகமானது. இன்னொரு காரணமும் உண்டு. ஏஐ சர்வர்களுக்காக மெமரி சிப்களைப் பெரிய கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போவதால், 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. புதிதாக அசெம்பிள் செய்தால் அந்தச் சுமை உங்கள் தலையில் விழும். ஆபீஸ் மெஷினில் ராம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

இங்கும் தலைமுறைதான் கணக்கு. ஆப்டிப்ளெக்ஸ் 3050 என்றால் ஆறு, ஏழாம் தலைமுறை, வேண்டாம். 3060 என்றால் எட்டு. 3080 பத்தாம் தலைமுறை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கறுப்புப் பெட்டிதான். எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் விண்டோஸ் 11 போய்விடும். லெனோவாவில் எம்720, எச்பியில் புரோடெஸ்க் 400 ஜி5 என்று தேடுங்கள். இவற்றில் ஐ5, 16 ஜிபி ராம் என்றால் உங்கள் வீட்டுக்குத் தாராளம். 8 ஜிபிதான் கிடைக்கிறது என்றாலும் பரவாயில்லை, ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் அளவையும் கவனியுங்கள். ஒரே மாடல் மூன்று உருவத்தில் வரும். உள்ளங்கை அகலத்துக்கு ‘டைனி’, படுக்கப்போட்ட புத்தகம் அளவில் ‘எஸ்எஃப்எஃப்’, நிமிர்ந்து நிற்கும் ‘டவர்’. சின்னது அழகாக இருக்கும், இடமும் அடைக்காது. ஆனால் டைனியில் கிராபிக்ஸ் கார்டு போடவே வழியில்லை. எஸ்எஃப்எஃப்பில் குட்டை வகைக் கார்டு மட்டும்தான் நுழையும். டவர் வாங்குங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை. டெல் என்றால் பெட்டியில் சர்வீஸ் டேக் என்று ஒரு ஏழெழுத்து ஸ்டிக்கர் இருக்கும். அதை டெல்லின் சப்போர்ட் தளத்தில் போட்டால் மெஷின் எந்த ஆண்டு வெளியே வந்தது, முதலில் உள்ளே என்ன இருந்தது என்று காட்டிவிடும். ஆன் செய்ததும் எஃப்2 விசையைத் தட்டி, விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போகச் சொல்லுங்கள் (எச்பியில் எஃப்10, லெனோவாவில் எஃப்1). பாஸ்வேர்டு கேட்டால் அந்த மெஷின் வேண்டாம். பழைய கம்பெனி போட்ட பூட்டு அது. விண்டோஸ் ‘ஆக்டிவேட்’ ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். இந்த ஆபீஸ் மெஷின்களில் பெரும்பாலும் விண்டோஸ் உரிமம் போர்டிலேயே பதிந்திருக்கும், தனியாக வாங்க வேண்டியதில்லை. அசெம்பிள்டு மெஷினுக்கு அந்தச் செலவு தனி. அதனால்தான் நிறையப் பேர் கள்ளப் பிரதியை ஏற்றிக் கொடுக்கிறார்கள். எம்எஸ் ஆபீஸும் அப்படித்தான். லிப்ரே ஆபீஸ் இலவசம், பள்ளி வேலைக்கு அதுவே போதும்.

விண்டோஸ் இருக்கும் டிஸ்க், சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் வேகமான எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும். இதில் சமரசமே வேண்டாம். ‘1 டிபி ஹார்ட் டிஸ்க்’ என்று பெரிய எண்ணைச் சொல்வார்கள். அதில் விண்டோஸ் 11 திறப்பதற்குள் பாப்பா ஒரு பாட்டைக் கேட்டு முடித்துவிடுவாள். 256 ஜிபி எஸ்எஸ்டி போதும், 512 இருந்தால் நல்லது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசச் செயலியை ஓட்டிக் காட்டச் சொன்னால், எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று தெரியும். 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புதிது போட்டுத் தரச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

மானிட்டரை மட்டும் பழையது வாங்காதீர்கள். பெட்டி மேஜைக்குக் கீழே கிடக்கும். பாப்பா பார்ப்பது திரையைத்தான். அதுவும் வரைகிற பிள்ளை. கொட்டேஷனில் இருக்கும் 20 இஞ்ச் மானிட்டர்கள் பலவற்றில் டிஎன் என்ற மலிவு பேனல்தான் இருக்கும். கடையில் ஒரு முகத்தின் படத்தைத் திரையில் போடச் சொல்லி, கீழே குனிந்து பாருங்கள். முகம் கறுத்து, நிறம் தலைகீழானால் அது டிஎன். நேராக உட்கார்ந்தாலும் திரையின் மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் நிறம் ஒன்றாக இருக்காது. அவள் போட்ட மஞ்சள் எது என்று அவளுக்கே தெரியாது. பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் பேனல், 22 அல்லது 24 இஞ்ச், 1920க்கு 1080 ரெசல்யூஷன், இவ்வளவும் பில்லில் எழுதி வாங்குங்கள். வளைந்த திரையெல்லாம் வேண்டாம். ஒயரையும் மறக்காதீர்கள்: ஆபீஸ் மெஷின்களில் சிலவற்றில் எச்டிஎம்ஐ இருக்காது, டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருக்கும். பெட்டி, மானிட்டர் இரண்டின் பின்பக்கத்தையும் பார்த்து, பொருந்துகிற கேபிளைக் கடையிலேயே வாங்கிவிடுங்கள்.

முதல்முறை டெஸ்க்டாப் வாங்குகிறவர்கள் வீட்டுக்கு வந்து ஆன் செய்த பிறகு போன் போட்டுக் கேட்கும் கேள்வி, ‘இதுல வைஃபை எங்கே இருக்கு?’ பெரும்பாலான ஆபீஸ் மெஷின்களில் இருக்காது. ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் லேன் ஒயர் இழுத்துவிடுங்கள், அதுதான் உத்தமம். இல்லையென்றால் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வேண்டும். கேமரா, மைக், ஸ்பீக்கரும் தனித்தனிதான். மைக்கோடு வரும் வெப்கேமராவும் ஒரு சாதாரண ஹெட்செட்டும் இருந்தால் ஆன்லைன் வகுப்புக்குப் போதும்.

வரைவதற்குப் பேனா டேப்லெட். திரை இல்லாத, ஸ்லேட்டு போன்ற தட்டையான பலகை. யுஎஸ்பியில் செருகி, கூட வரும் பேனாவால் அதன்மேல் வரைந்தால் மானிட்டரில் கோடு விழும். அழுத்தினால் தடிமன், தளர்த்தினால் மெல்லிசு. தொடங்குகிறவர்களுக்கான சிறிய அளவே போதும். கை கீழே, கண் மேலே என்பதால் முதல் சில நாட்கள் கோடு எங்கெங்கோ போகும், பாப்பா எரிச்சல்படுவாள். விட்டுவிடுங்கள், பழகிவிடும். மென்பொருளுக்கு கிரிட்டா. முழுக்க இலவசம், தொழில்முறை ஓவியர்களே பயன்படுத்துவது. தமிழ் டைப்பிங்குக்கு விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. தமிழ் எழுத்து அச்சடித்த கீபோர்டு தேட வேண்டாம், ஒரு படத்தை அச்செடுத்து எதிரே ஒட்டினால் போதும்.

இப்போது கரண்ட். உங்களிடம் இன்வெர்ட்டர் இருப்பதால் தனி யுபிஎஸ் செலவு மிச்சமாகலாம். இன்வெர்ட்டரில் ‘யுபிஎஸ்’, ‘நார்மல்’ அல்லது ‘எக்கோ’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அது யுபிஎஸ் பக்கம் இருந்தால், கரண்ட் போகும்போது மெஷினுக்கே தெரியாத வேகத்தில் பேட்டரிக்கு மாறும். மற்ற பக்கம் இருந்தால் ஃபேனும் லைட்டும் கண்சிமிட்டி ஓடும், கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து மீண்டும் ஆன் ஆகும். உங்களுடையது சைன்வேவ் வகையா என்றும் கேளுங்கள். பழைய ஸ்கொயர்வேவ் இன்வெர்ட்டர் என்றால் அதில் கம்ப்யூட்டரை இணைக்காமல், 600 விஏ யுபிஎஸ் ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள். மெஷினும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட் அளவுதான் இழுக்கும் என்பதால், செய்த வேலையைச் சேமித்து அணைக்க அது தாராளமாக நேரம் கொடுக்கும்.

இதைவிட முக்கியம் எர்த். மெஷின் ஓடும்போது கேபினெட்டின் பின்பக்கத் திருகில் டெஸ்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு மின்னினால் அந்தப் பிளக்கில் எர்த் இல்லை. எல்லா எஸ்எம்பிஎஸ்ஸிலும் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) மின் இரைச்சலை வடிகட்டும் சிறிய கெபாசிட்டர்கள் மின்கம்பியையும் உலோகப் பெட்டியையும் தொட்டுக்கொண்டிருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் பெட்டியிலேயே தங்கும், வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்றிருக்கும். ‘கம்ப்யூட்டர்னா அப்படித்தான்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் வீட்டுக்குள் வரவே கூடாது. தையல் மெஷின் மோட்டார்கள் ஓடும் எக்ஸ்டென்ஷன் பெட்டியிலும் இதைச் செருகாதீர்கள்.

தையல் என்றதும் இன்னொன்று. துணி வெட்டும் இடத்தில் பறக்கும் பஞ்சு கம்ப்யூட்டருக்கு எமன். ஃபேன் அதை உள்ளே இழுத்து, பிராசசர் மேலிருக்கும் அலுமினியப் பட்டைகளுக்கு இடையே மெத்தை மாதிரி அடைத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. மெஷின் திடீரென்று இரைய ஆரம்பிக்கும், பிறகு மெதுவாகும், பிறகு தானாக அணையும். தைக்கும் அறையில் வைக்காதீர்கள். தரையிலும் வேண்டாம், ஓரடி உயரத்தில் ஒரு ஸ்டூல் மேல் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒயரைக் கழற்றிவிட்டு, பக்கக் கதவைத் திறந்து புளோயரால் ஊத வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் வேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும். தையல் மெஷினுக்கு எண்ணெய் போடும் நாளோடு இதையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது.

ஹாலில், திரை அறையைப் பார்த்திருக்கும்படி போடுங்கள். உட்காரத் தையல் மெஷின் ஸ்டூலைப் போட்டுவிடாதீர்கள். முதுகு சாய ஒரு நாற்காலி வேண்டும். தம்பிக்குக் கால் தரையில் எட்டாது, கீழே ஒரு பலகை போடுங்கள். விண்டோஸில் அட்மின் கணக்கு உங்கள் பாஸ்வேர்டில் இருக்கட்டும், பிள்ளைகள் இருவருக்கும் தனித்தனியாக ஸ்டாண்டர்டு கணக்கு. கண்ட மென்பொருளையும் அவர்களால் ஏற்ற முடியாது, அக்கா வரைந்ததைத் தம்பி அழிக்கவும் முடியாது. ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் சேவை) என்ற இடத்தில் 1.1.1.3 என்று போட்டால், கிளவுட்ஃபிளேரின் இலவசச் சேவை ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் வீட்டு வைஃபை முழுவதற்கும் பெருமளவு தடுக்கும். இணைப்புக் கொடுத்தவரிடம் சொன்னால் செய்து தருவார். மொபைல் டேட்டாவுக்கு இது செல்லாது.

பணத்தைப் பிரிப்பது இப்படி இருக்கட்டும்: பெட்டிக்கு 20,000 வரை, மானிட்டருக்கு 8,500, கீபோர்டும் மவுசும் 1,000, டாங்கிள், வெப்கேமரா, ஹெட்செட்டுக்கு 3,000, பேனா டேப்லெட்டுக்கு 4,000. மீதி 3,500 எலக்ட்ரீஷியனுக்கும் நாற்காலிக்கும். கடைக்குக் கடை கொஞ்சம் கூடக் குறைய வரும்; குறைக்க வேண்டியிருந்தால் ராமில் குறையுங்கள், மானிட்டரில் கை வைக்காதீர்கள். ‘பில் இல்லாம எடுத்தா 18 சதவீதம் குறையும்’ என்று மானிட்டருக்குச் சொல்வார்கள். பில் இல்லையென்றால் வாரண்டியும் இல்லை. பழைய மெஷினுக்கும் பிராசசர் எண், ராம், எஸ்எஸ்டி அளவு, சீரியல் நம்பர், வாரண்டி எத்தனை மாதம் என்று எழுதிய பில் வேண்டும். ஒரு வருட வாரண்டி தரும் கடைகள் இருக்கின்றன. ஒரு மாதம் என்பவரிடம் வாங்காதீர்கள்.

ஒரு வருடம் பொறுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மெமரி விலை போகும் போக்கைப் பார்த்தால் காத்திருப்பதில் லாபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வாங்கிவிடுங்கள், கோடை விடுமுறை முழுக்க அவள் கையில் இருக்கும்.